அன்னாசி ஆகாதாம், ஒயின் ஆகுமாம்!

மக்களே, வல்வில் ஓரி விழா முடிஞ்ச அடுத்த வாரம், ஆணி கொஞ்சம் குறைஞ்சிருந்த நேரமாப் பார்த்து கொல்லிமலைக்குப் போயிட்டு வந்தோம். தங்கமணிக்கு அஞ்சாவது மாசம். டாக்டர் சரின்னு சொன்ன பிறகுதான் கிளம்பினோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவையும் உருட்டிக்கிட்டே ஏறினேன். அருவி, அறப்பளீஸ்வரர் கோயில் எல்லாம் வேற பதிவுல. இது கோபத்துல எழுதுற பதிவு.

சொந்தக்காரங்க பதினஞ்சு பேர் ஒரே இடத்துல தங்கியிருந்தோம். ராத்திரி நெருப்பு மூட்டி உட்கார்ந்தப்ப ஒயின் பாட்டில் ஒண்ணு திறந்தாங்க. தங்கமணி தன் பையிலிருந்து ஆல்கஹால் இல்லாத ஒயினை எடுத்தா. லேபிள்ல 0.0ன்னு போட்டிருந்துச்சு. ஊத்தி முடிக்கல, "வயித்துப் பிள்ளைக்காரி பிடிக்கிற கிளாஸா இது?"ன்னு ஒரு பெரியம்மா ஆரம்பிச்சாங்க. அத்தை ஒருத்தங்க அதுக்கும் மேல. "அந்தச் சப்பைத் தண்ணி எதுக்கு கண்ணு? நெசமான ஒயினே அரை டம்ளர் குடி, கொழந்தை செவப்பாப் பொறக்கும்."

சரின்னு கிளாஸை வச்சுட்டு, காலைல சோளக்காட்டுச் சந்தையில வாங்கின அன்னாசியைத் தொட்டா. அவ்வளவுதான். "அன்னாசியா! கரு கலைஞ்சிரும் அம்மிணி!"ன்னு மொத்தக் கூட்டமும் கத்துச்சு. அவ ஒண்ணும் பேசாம உள்ளே போய்ப் படுத்துட்டா.

நான் கையில நிஜ ஒயினோட சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல அந்த அரை டம்ளர். குழந்தையோட நிறம் மரபணுவுல இருக்கு, டம்ளர்ல இல்ல. அம்மா குடிக்கிற ஆல்கஹால் நஞ்சுக்கொடி வழியா நேரா குழந்தைக்குப் போகும். அதைச் சமாளிக்கிற அளவுக்குக் குழந்தையோட ஈரல் வளர்ந்திருக்காது. இதனால வர்ற பாதிப்புக்கு 1973லயே அமெரிக்காவுல சியாட்டில் டாக்டர்கள் பேர் வச்சுட்டாங்க. எவ்வளவு வரைக்கும் குடிச்சா ஆபத்தில்லைன்னு யாராலும் கோடு போட முடியல. அதனாலதான் கர்ப்பத்துல ஒரு சொட்டும் வேண்டாங்கிறாங்க. செவப்புத் தோலுக்கு ஆசைப்பட்டு மூளையைப் பணயம் வைக்கச் சொல்றதுக்குப் பேர் பாசமா?

அடுத்து அன்னாசி. அதுல இருக்கிற புரோமிலைன்கிற என்சைமைத்தான் குற்றவாளியாக்குறாங்க. அது அதிகமா இருக்கிறது தண்டுல. சாதாரணமா சாப்பிடுற அளவு பழத்தால கரு கலையும்கிறதுக்கு ஆதாரம் கிடையாது. சர்க்கரை இருக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேட்டு அளவோட சாப்பிடணும். கொல்லிமலைக்கு வந்து அன்னாசி வேண்டாம், ஒயின் குடின்னு சொல்ற லாஜிக்கை எந்த கம்பைலரும் ஏத்துக்காது.

"0.0ன்னு போட்டா நம்பிடறதா?"ன்னு ஒரு மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். நம்ம நாட்டு 2018 விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் இருந்தாத்தான் அது மதுபானம். அதனால 'ஆல்கஹால் இல்லாதது'ன்னு விக்கிற பாட்டில்ல கொஞ்சூண்டு இருக்க வாய்ப்பு உண்டு. நல்லாப் பழுத்த பழத்துலயும் துளி இருக்கும்தான். ஆனாலும் கர்ப்பிணிக்கு வாங்குறப்ப லேபிளைப் படிச்சு 0.0 போட்டதையே வாங்குங்க, டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. பயப்படுறதுக்குப் பதிலா படிக்கலாமே!

அதே மாமா வீட்டுல பிரசவம் ஆனவங்களுக்கு தசமூலாரிஷ்டம் கொடுப்பாங்க. அது புளிக்க வச்ச மருந்து. தானா உருவாகுற ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம்னு அதோட லேபிள்லயே இருக்கும். அதை மருந்துன்னு கண்ணை மூடிக்கிட்டுக் கொடுப்பாங்களாம், 0.0 மட்டும் ஒழுக்கக்கேடாம்!

அப்புறம், ஆல்கஹால் இல்லாத பானம் ஏதோ வெள்ளைக்காரன் ஃபேஷன்னு நினைக்காதீங்க. பனைமரத்துப் பானையில சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவாம விட்டா கள்ளு. மரமும் ஒண்ணு, பானையும் ஒண்ணு. ஆபத்து எதுல இருக்கு, எதுல இல்லைன்னு நம்ம பாட்டன் பிரிச்சு வச்சிருந்தான். நமக்குத்தான் கிளாஸோட வடிவத்தைப் பார்த்தே கை நடுங்குது.

தங்கமணி கேட்டது போதை இல்லைங்க. எல்லாரும் நெருப்பைச் சுத்தி உட்கார்ந்து கிளாஸை உரசுறப்ப, தானும் ஒரு கிளாஸோட கூட உட்காரணும், அவ்வளவுதான். பத்து மாசம் அவ உடம்பு ஊர்ப் பொதுச்சொத்து ஆயிடுமா? ரசிச்சு ஒரு மடக்கு குடிக்கக் கூட ஊர் அனுமதி வாங்கணுமா?

மறுநாள் ராத்திரி எல்லார் முன்னாடியும் அன்னாசிச் சாறு பிழிஞ்சு, இஞ்சி தட்டிப் போட்டு, ரெண்டு ஒயின் கிளாஸ்ல ஊத்தினேன். ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு எனக்கு. குழந்தை பிறக்கிற வரைக்கும் எனக்கும் 0.0தான். பெரியம்மா முறைச்சாங்க. முறைக்கட்டும்.

டிஸ்கி: "எங்க பாட்டி குடிச்சாங்க, எங்கப்பா நல்லாத்தானே இருக்கார்"னு பின்னூட்டம் போட வர்றவங்களுக்கு: ஹெல்மெட் போடாம வீடு வந்து சேர்ந்தவங்களும் நிறையப் பேர் இருக்காங்க சாமி.