சமூகவியல் கடைசித் தெரிவா?

பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் நம் வீடுகளில் நடைபெறும் விசாரணையை வாசகர் அறிவர். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வழியில்லாத பிள்ளை கலைப்பிரிவுக்கு அனுப்பப்படுகின்றது. கலைப்பிரிவிலும் சட்டபீடம் எட்டவில்லையா? “சமூகவியலை எடு, பாடமாக்கி எழுதிவிடலாம்” என்று மாமனோ தமையனோ தீர்ப்பளித்துவிடுகின்றார். அத் தீர்ப்புக்கு எதிராக நாம் இங்கே மேன்முறையீடு செய்கின்றோம்.

யாழ்ப்பாணத்துக் காணி வழக்குகளில் இன்றும் எடுத்தாளப்படும் தேசவழமை எங்கிருந்து வந்தது? ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர், நெடுங்காலம் இம்மண்ணில் வாழ்ந்து அறிந்தவற்றை எழுதி 1707இல் அரசுக்குக் கொடுத்தார். தமிழ் முதலியார்கள் 12 பேர் பார்த்துச் சரியென்றனர். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தனர். சீதனம், முதுசொம், தேடியதேட்டம், ஒற்றி என்று நாம் நீதிமன்றில் முழங்குவதெல்லாம் ஓர் அந்நிய உத்தியோகத்தரின் குறிப்பின்மேல் நின்றுகொண்டுதான்! சரிபார்க்க நம்மவர் பன்னிருவர் இருந்தனர். எழுத ஒருவரும் இருந்திலர்.

இது பழங்கதை என்பீராயின், கிழக்கே வாருங்கள். மட்டக்களப்புத் தேசத்திலும் அக்கரைப்பற்றுப் பகுதியிலும் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வீடு பெண்ணுக்குரியது. தாய் தன் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பாள். மருமகன் அங்கு வந்து குடியிருப்பான். குடி என்னும் உறவுக்கூட்டமும் தாய்வழியே எண்ணப்படும். 2004 டிசம்பரில் கடல் பொங்கி இவ்வீடுகளை வாரிச் சென்றது. பின்னர் அரசும் தொண்டு நிறுவனங்களும் புதுவீடு கட்டின. உறுதி யார் பெயரில்? “குடும்பத் தலைவர்” பெயரில். அதாவது, பெரும்பாலும் கணவன் பெயரில். தாயின் சீதன வீடு கடலோடு போக, அதற்கீடான வீடு மருமகனின் சொத்தாகி வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணைக் காத்த வழமையை ஒரு படிவத்தின் ஒரேயொரு கட்டம் அழிக்கத் தலைப்பட்டது. படிவத்தை வரைந்தவர் தீயவரல்லர், அறியாதவர். அறிந்து சொல்ல வேண்டியவர்கள் எங்கே இருந்தனர்?

அக்கரைப்பற்றின் குடிமுறையைப் பல்லாண்டு ஆராய்ந்து 2008இல் பெருநூலாக வெளியிட்டவர் டெனிஸ் மக்கில்வ்றே என்னும் அமெரிக்கர். யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பைப் பற்றிய மைக்கேல் பாங்ஸ் என்னும் மேனாட்டவரின் கட்டுரை வெளிவந்தது 1960இல். அவர்களுக்கு நன்றி. ஆயினும் அந்நூல்களைப் படித்த கமக்காரர் எத்தனை பேர்? ஏன், சட்டத்தரணிகள்தாம் எத்தனை பேர்?

நம்மவர் எவரும் இத்துறையில் ஓங்கவில்லையென யாரும் சொல்லற்க. ஸ்ரான்லி தம்பையா இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கற்று, கோர்னெலிற் கலாநிதிப் பட்டம் பெற்று, தாம் கற்றவிடத்திலேயே சமூகவியல் போதிக்க வந்தார். 1956 ஜூனில், சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிய வேளையில், மாணவர்களோடு கல்லோயாப் பள்ளத்தாக்கிற் கள ஆய்வு செய்துகொண்டிருந்தார். அங்கே கலவரம் மூண்டது. 1960இல் நாட்டை விட்டுச் சென்றார். தாய்லாந்தை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்று, ஹார்வாட்டில் பேராசிரியரானார். நாம் இழந்தது ஒரு மனிதரையன்று. அவர் பயிற்றியிருக்கக்கூடிய ஒரு பரம்பரையை.

சட்டம் கற்ற நாம் சட்டத்தின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியது. பதினோராண்டு கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தன் வாசலில் உள்ளே செல்லும் உரிமைக்காகத் தமிழர் தமிழரிடமே போராட நேர்ந்தது. சட்டப்புத்தகத்தை எத்தனை முறை புரட்டினும் இதற்குக் காரணம் கிடையாது. கிணற்றடியிலும் கோயில் நிருவாகத்திலும் கலியாணப் பேச்சிலும் தேட வேண்டிய காரணம் அது. தேடினால் நமக்கே வெட்கம் வருமென்றுதான் இப்பாடத்தை வெறுக்கின்றோமோ என்ற ஐயமும் எமக்குண்டு!

வேலை கிடைக்குமா என்ற பெற்றோரின் கேள்வி நியாயமானதே. 2017இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிற் பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்திருந்ததை நாம் மறந்தோமல்லோம். ஆனால் டூர்க்ஹெய்மையும் வேபரையும் குறிப்புக் கொப்பியிலிருந்து ஒப்பித்துவிட்டு, ஒரு கிராமத்தையேனும் கால்நடையாய்ச் சுற்றாமற் பெற்ற பட்டத்துக்கு யார் வேலை கொடுப்பர்? குற்றம் பாடத்தினதன்று, படிப்பிக்கும் முறையினது. புள்ளிவிபரம் கற்று, வன்னியின் ஒரு குளத்தின் கீழ் எத்தனை பேர் சொந்த வயல் செய்கின்றனர், எத்தனை பேர் குத்தகைக்குச் செய்கின்றனர், எத்தனை பெண்கள் தனித்துக் குடும்பம் நடத்துகின்றனர் என்று எண்ணியறிந்த இளைஞன் பிரதேச செயலகத்துக்கும் வேண்டும், நமக்கும் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பன சில. கெட்டித்தனமுள்ள பிள்ளையைச் சமூகவியற் சிறப்புப் பட்டத்துக்கு மனமொப்பி விடுங்கள். நான்காண்டும் அதற்கே கொடுக்க விரும்பாதவன், பொதுப் பட்டத்தில் பொருளியலோடும் புவியியலோடும் அதனையும் ஒரு பாடமாக எடுக்கட்டும். பல்கலைக்கழகத்தாரோ மாணவனைக் கள ஆய்வுக்கு அனுப்பாமற் பட்டம் வழங்கற்க. அவன் எழுதும் ஆய்வேட்டின் ஒரு பிரதியை, நூலகத்து அலுமாரியிற் பூட்டிவைப்பதற்கு முன், அவன் ஆராய்ந்த ஊரின் கமக்கார அமைப்புக்குத் தமிழிற் கொடுக்கட்டும்.