கார் 'டக்' என்றால் கலங்காதீர்கள்!

போன மாதம் ஒரு ராத்திரி, சின்னவனுக்கு நெருப்பாய்க் காய்ச்சல். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப, செகண்ட்ஹாண்டில் வாங்கிய எங்கள் மாருதி 800-இல் ஏறினோம். சாவியைத் திருப்பினால் 'டக், டக்' சத்தம்தான். முகப்பு விளக்கும் மங்கியது. பக்கத்து வீட்டு வண்டியில்தான் போனோம், பிள்ளைக்குக் குணமாகிவிட்டது.

மறுநாள் மெக்கானிக் தம்பி பானெட்டைத் திறந்து காட்டினார். பாட்டரி முனைகளில் உப்புப் பூத்தாற்போல் வெள்ளைத் தூள்! கரண்ட் ஓட வழியில்லை. வண்டி மேல் குற்றமில்லை. கவனிக்காத எங்கள் மேல்தான்.

இப்போது மாதம் ஒருமுறை நானே பார்க்கிறேன். சாவியை எடுத்துவிட்டு, வளையலையும் கழற்றிவிடுவேன். ஸ்பானரோடு அது முனையில் பட்டால் பொறி பறந்து கை வெந்துவிடும். கைக்கு உறை அவசியம். அந்தத் தூளில் அமிலம் உண்டு. நெகடிவ் ஒயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். வெந்நீரில் ஆப்பச் சோடா கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, இறுக்கி மாட்டி, வாசலின் தடவுங்கள். சோடா நீர் பாட்டரிக்குள் போகக் கூடாது. அருகில் தீக்குச்சி கிழிக்காதீர்கள். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும்.

அப்படியும் 'டக்' என்றால், பாட்டரியை சார்ஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தினமும் பாத்திரம் தேய்க்கிற நமக்கு இதென்ன பெரிய வேலையா, சகோதரிகளே?