பென்சில் யார் கையில, சார்?

போன வருஷம் ஒரு வீட்டுல என்னை டியூஷன்லேருந்து நிறுத்திட்டாங்க. பையனோட அம்மா ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க. "ஒன்றரை மணி நேரத்துல ஒரே ஒரு கணக்குதான் போட்டீங்களாமே தம்பி? எதிர் வீட்டுப் பொண்ணுக்கு அவங்க சார் ஒரு பயிற்சியையே முடிச்சுக் குடுத்துடறாராம்."

குற்றச்சாட்டு உண்மைதான். ஒரே ஒரு கணக்கு. ஆனா அதைப் போட்டது நான் இல்லை, பையன். என் வாதமே அதுதான், கேளுங்க.

பையன் எட்டாவது. ஒரு எண்ணோட பாதியையும் அதே எண்ணோட மூணுல ஒரு பங்கையும் கூட்டினா 10, எண் என்ன? அவன் எழுதினது: x/2 + x/3 = 2x/5. அதனால x = 25. பளிச்னு அடிக்கோடு வேற.

இந்த இடத்துல பெரும்பாலான டியூஷன் சார் என்ன செய்வார்? "டேய், எல்.சி.எம். எடுக்கணும்டா"ன்னு பென்சிலைப் பிடுங்கி, கடகடன்னு அஞ்சு வரி எழுதி, "புரிஞ்சுதா?"ம்பார். பையன் தலையாட்டுவான். ரெண்டு நிமிஷத்துல வேலை முடிஞ்சது, அடுத்த கணக்கு. நானும் ஆரம்பத்துல நாலஞ்சு வருஷம் இதைத்தான் பண்ணேன். நோட்டு நிறைய என் கையெழுத்து. பரீட்சையில அந்தப் பசங்க வாங்கின மார்க்கை இங்கே சொன்னா எனக்கே அசிங்கம். பழி மட்டும் அவங்க மேல: "இவனுக்கு கணக்கு வராதுங்க."

இந்தத் தடவை நான் திருத்தலை. "25-ல பாதி எவ்வளவு?"ன்னு மட்டும் கேட்டேன். "பன்னிரண்டரை." கொஞ்ச நேரம் கழிச்சு அவனே, "சார், அதுவே பத்தைத் தாண்டிடுச்சே!" தப்பு எங்கேன்னு தேடினான். மூணு தடவை முதல்லேருந்து போட்டான், மூணு தடவையும் அதே 25. எதுவும் சொல்லாம உக்காந்திருக்கறது எவ்வளவு கஷ்டம்னு செஞ்சு பாத்தவங்களுக்குத்தான் தெரியும். நாக்கு துறுதுறுங்கும்.

அப்புறம் தோசைக்கு வந்தோம். அரை தோசையோட மூணுல ஒரு பங்கைச் சேர்த்தா அரையைவிடக் கூடவா, குறைவா? "கூடத்தான்." சரி, உன் விடை அஞ்சுல ரெண்டு பங்கு, அது அரையைவிட? வட்டம் வரைஞ்சு பாத்தான். குறைவு! சேர்த்தா எப்படி சார் குறையும்னு என்னையே திருப்பிக் கேட்டான். கடைசியில தோசையை ஆறு துண்டாப் போட்டது அவன்தான். பாதின்னா மூணு துண்டு, மூணுல ஒரு பங்குன்னா ரெண்டு, மொத்தம் ஆறுல அஞ்சு. x = 12. சரிபார்க்கவும் நான் சொல்லலை. ஆறும் நாலும் பத்துன்னு அவனே எழுதினான்.

கவனிச்சீங்களா, அவனுக்கு வராதது எட்டாவது இயற்கணிதம் இல்லை, ஆறாவது பின்னம். நான் பென்சிலைப் பிடுங்கியிருந்தா அது எனக்கும் தெரிஞ்சிருக்காது, அவனுக்கும் தெரிஞ்சிருக்காது. நாப்பது பேர் இருக்கற வகுப்புல இதைக் கண்டுபிடிக்க முடியாது, வாத்தியாரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஒரு பையனை எதிர்ல வெச்சுக்கிட்டும் கண்டுபிடிக்கலைன்னா, அப்புறம் தனி டியூஷன் எதுக்கு?

தனி டியூஷன்னாலே பிரமாதம்னு பேசறவங்க பெஞ்சமின் ப்ளூம் 1984-ல எழுதின கட்டுரையை இழுப்பாங்க. தனியாப் படிச்ச சராசரி மாணவன், வகுப்புல படிச்சவங்கள்ல 98 சதவீதம் பேரைத் தாண்டினான்னு. அந்தப் பசங்களுக்கு அடிக்கடி சின்னச் சின்ன பரீட்சை வெச்சு, தப்பைத் திருத்தினாங்கங்கிறதை மட்டும் விட்டுடுவாங்க. 2011-ல கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்தப்போ, கிடைச்ச பலன் ப்ளூம் சொன்னதுல பாதிகூட வரலை.

எனக்குப் பிடிச்சது மிஷலின் சீ குழுவோட 2001 ஆய்வு. எட்டாம் வகுப்புப் பசங்களுக்கு ரத்த ஓட்டம் பாடம். சொல்லித் தர்றவங்களுக்கு ஒரு நிபந்தனை: விளக்கவே கூடாது, தூண்டிக் கேள்வி மட்டும் கேக்கலாம். விளக்கம் வாங்கின பசங்க அளவுக்கு இவங்களும் கத்துக்கிட்டாங்க. நாம தொண்டை வறளக் கத்தினது எதுக்குன்னு யோசிங்க.

அதுக்காக எதையுமே சொல்லாத சாமியார் வேஷமும் வேண்டாம். பகுதி, தொகுதின்னா என்னன்னு தெரியாத பையனை முழிக்க விட்டா அது கொடுமை. பேர், குறியீடு, வரையறை எல்லாம் நேரடியாச் சொல்லிடணும். நான் சொல்றது அவனால யோசிச்சு எட்ட முடியற இடத்தைப் பத்தி.

இன்னொண்ணு, அந்த "புரிஞ்சுதா?" அதுக்கு "இல்லை சார்"னு சொன்ன பையனை நான் பாத்ததில்லை. அதுக்குப் பதிலா, "எனக்குத் தெரியாதுன்னு வெச்சுக்க, சொல்லிக் குடு"ன்னு கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க. கேள்வி கேட்டுட்டு வாத்தியாருங்க சராசரியா ஒரே ஒரு நொடிதான் காத்திருக்காங்கன்னு மேரி பட் ரோ 1970-களிலேயே அளந்து எழுதினாங்க. அதை மூணு நொடி ஆக்கினதுமே பசங்க பதில் நீண்டுச்சு, "தெரியாது"ங்கிறது குறைஞ்சது.

பெத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. காசு குடுக்கறது நீங்க, கணக்குக் கேக்க உரிமை உண்டு. "எத்தனை பாடம் முடிஞ்சது"ன்னு கேக்காதீங்க. போன வாரம் போட்ட கணக்குல எண்ணை மட்டும் மாத்திக் குடுத்து, சார் இல்லாத நேரத்துல போடச் சொல்லிப் பாருங்க.

அந்தப் பையன் இப்ப எதிர் வீட்டுப் பொண்ணோட சார்கிட்டயே போறான். போன மாசம் தெருவுல பாத்தப்போ நோட்டை ஆசையா விரிச்சுக் காட்டினான். நாலு பயிற்சி முடிச்சிருந்தாங்க. அழகான கையெழுத்து, அடித்தல் திருத்தலே இல்லை. அவன் கையெழுத்தும் இல்லை.