பில்லில் சீரியல் நம்பர் எழுதுவோம்

சென்னை ரிச்சி தெருவானாலும் நம்மூர்க் கடைவீதியானாலும், வாங்கிய ஹார்டு டிஸ்க் பழுதென்று வருபவரைப் பல கடைகளில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கைகாட்டி விடுகிறார்கள். அங்கே பில்லில் சீரியல் நம்பர் இல்லை என்கிறார்கள். அலைச்சல் அவருக்கு, ஏச்சு நம் அனைவருக்கும்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்தால் தீராது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் கண்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படியே.

மொத்த வியாபாரிகளாகிய நாம் சரக்கு அனுப்பும்போதே சீரியல் நம்பரைப் பில்லில் ஏற்ற வேண்டும். (நூறு மவுஸுக்கு யார் எழுதுவது என்பார்கள். மவுஸை விடுங்கள், ஹார்டு டிஸ்க், மதர்போர்டு, மானிட்டருக்காவது எழுதலாமே!) பழுதானதைக் கடைக்காரரிடமிருந்து நாமே வாங்கி, கம்பெனியில் மாற்றித் தருவோம். சர்வீஸ் சென்டர் நடை நம்முடையதாக இருக்கட்டும்.