பயண வழியை நீங்களே வகுங்கள்



சென்ற கோடை விடுமுறைக்கு இரண்டு வாரங்களுக்கு முன், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாள். அவளுடைய குடும்பம் இலங்கைக்குச் செல்லவிருந்தது. கொழும்பில் வாடகை மகிழுந்து எடுத்துத் தந்தையே ஓட்டுவதாக ஏற்பாடு. ஏழு நாள்களுக்குப் பதினோர் ஊர்கள் தாளில் இருந்தன. கடற்கரை இருந்தது, அருவி இருந்தது, யானைகளும் தேயிலைத் தோட்டமும் இருந்தன. யாழ்ப்பாணம் மட்டும் இல்லை. "இதை வகுத்தவர் யார்?" என்று கேட்டேன். "கைப்பேசிச் செயலி கொடுத்தது, ஐயா" என்றாள்.

இத்தகைய பயணத்தின் திட்டத்தைப் பிள்ளைகளாகிய நீங்களே வகுக்க வேண்டும். அதில் இயற்கைக் காட்சிகளுக்கு இடம் தருவதுபோல மனிதர்களுக்கும் இடம் தர வேண்டும். இதுவே என் கருத்து. அதற்கான காரணங்களைக் கூறுகிறேன்.

முதலில் தொலைவைப் பார்ப்போம். இலங்கையின் பரப்பு ஏறத்தாழ 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதி. ஆகவே நிலப்படத்தில் எல்லா ஊர்களும் அருகருகே தோன்றும். ஆனால் கண்டியிலிருந்து நுவரெலியா வரையுள்ள ஏறத்தாழ 75 கிலோமீட்டரைக் கடக்க இரண்டரை மணி நேரமேனும் ஆகும். பெங்களூரிலிருந்து மைசூருக்கு அதைப்போல் இருமடங்கு தொலைவை அதற்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடுகிறோமே! அங்கே சாலை கடல் மட்டத்திற்கு மேல் 1,800 மீட்டருக்கும் மேலாக வளைந்து வளைந்து ஏறுகிறது. கிலோமீட்டரைக் கொண்டு திட்டமிடுபவர் வண்டியிலேயே விடுமுறையைக் கழிப்பார். மணிக்கணக்கைக் கொண்டு திட்டமிடுபவரே ஊரைக் காண்பார்.

அடுத்தது பருவம். நமக்கு நீண்ட விடுமுறை கிடைக்கும் மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தீவின் தென்மேற்குக் கரையிலும் மலைச்சரிவுகளிலும் பெய்யும். அப்போது வடக்கும் கிழக்கும் பெரும்பாலும் வறண்டிருக்கும்; திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். டிசம்பரில் நிலைமை தலைகீழாகும். ஆகவே கோடையில் செல்வோர் வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டுத் தென்கரையில் மட்டும் நாள்களைக் கழிப்பது பொருத்தமன்று.

மூன்றாவது, மொழி. "பெங்களூரில் இருந்துகொண்டு தமிழ் படிப்பதால் என்ன பயன்?" என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். இலங்கையில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. சாலைப் பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதப்படுகின்றன. மருத்துவமனையை அங்கே 'வைத்தியசாலை' என்பர். தொடர்வண்டி நிலையம் 'புகையிரத நிலையம்' ஆகும். நாம் 'ஆட்டோ' என்பது அங்கே 'முச்சக்கர வண்டி'. வேறொரு நாட்டில் நம் மொழி வேறோர் உடை உடுத்தி நிற்பதைக் காண்பதும் ஒரு பாடமே.

நான்காவது, அச்சாலைகளின் கதை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளும் ஏ9 வீதி மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு வழியாகச் செல்கிறது. உள்நாட்டுப் போரின்போது இவ்வீதி பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 1981ஆம் ஆண்டு எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் இன்று மீண்டும் எழுந்து நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்து ஏழைத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்தே மாத்தளை வரை சென்றனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். முதலில் காப்பித் தோட்டங்களிலும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் அவர்கள் உழைத்தனர். 1948இல் அவர்களுள் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு வந்தவர்களுள் சிலர் நம் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதி இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளாகிய நீங்கள், தேயிலைச் சரிவைப் படம் பிடித்துக்கொண்டு மட்டும் திரும்பலாமா?

"விடுமுறை மகிழ்வதற்குத்தானே? துயரக் கதைகள் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அருவியில் நீராட வேண்டாம் என்று நான் கூறவில்லை. அருவிக்கு ஒரு நாள் தந்தால் நூலகத்திற்கு ஒரு மணி நேரம் தாருங்கள் என்றே கேட்கிறேன். "அயல்நாட்டில் தாமே வண்டி ஓட்டுவது இடரல்லவா?" என்பது மற்றொரு வினா. அது நியாயமான அச்சமே. அங்கும் இடப்புறமே ஓட்டவேண்டும் என்பது நமக்கு எளிது. எனினும் இந்திய உரிமம் மட்டும் போதாது. அங்கு செல்லுபடியாகும் அனுமதியும் பெற வேண்டும். மலைப்பாதையில் இரவில் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும். ஓட்டுநருடன் வண்டி எடுத்தாலும் குறையில்லை. எங்கே நிற்பது, எவரோடு பேசுவது என்னும் முடிவு அப்போதும் உங்களுடையதே.

அம்மாணவி தன் திட்டத்தைத் திருத்தினாள். பதினோர் ஊர்கள் ஐந்தாயின. யாழ்ப்பாணத்திற்கு இரண்டு இரவுகள் கிடைத்தன. அவள் தந்தை பெங்களூரிலேயே பிறந்து கன்னட வழியில் கற்றவர். தமிழ் பேசுவார், படிக்க அறியார். வவுனியாவுக்கு அப்பால் கடைப் பலகைகளை அவளே அவருக்குப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தாளாம். ஊர் திரும்பியதும் அவர் அவளுடைய தமிழ்ப் பயிற்சி நூலின் முதற்பக்கத்தைத் திறந்து, "இதை எனக்கும் கற்றுக்கொடு" என்று கேட்டாராம்.

சிந்தித்து எழுதுக

1. கிலோமீட்டரைவிட மணிக்கணக்கே பயணத் திட்டத்திற்கு ஏற்றது என ஆசிரியர் கூறுவது ஏன்?
2. ஆசிரியரின் கருத்துகளுள் நீவிர் ஏற்காத ஒன்றைக் குறிப்பிட்டு, காரணம் தருக.
3. உம் குடும்பம் பெங்களூருக்கு வந்த வழியைப் பெரியோரிடம் கேட்டறிந்து, நிலப்படம் வரைந்து, பத்து வரிகளில் எழுதுக.