வடிவைப் பாக்காதேங்கோ, வாசலைப் பாருங்கோ

புதுசா இணையத்தளம் தொடங்கிற ஆக்கள் முதல்ல கேட்கிறது ஒண்டுதான்: "எந்த சிஎம்எஸ்ஸில தளம் வடிவா வரும்?" இந்தக் கேள்வியே பிழை எண்டு நாங்கள் சொல்லுறம். கேட்க வேண்டியது வேற: நாளைக்கு எங்கட எழுத்தை வெளியில எடுத்துக்கொண்டு போக ஏலுமா?

விக்ஸில் அரை நாளில் தளம் கட்டலாம். ஆனால் அந்தத் தளத்தை அப்படியே தூக்கி வேறொரு சேர்வரில் வைக்க ஏலாது. அது வாடகை வீடு. வீட்டுக்காரன் கதவை மூடினால்? 2009இல் யாஹூ ஜியோசிற்றீஸை மூடியது. அதில் கனக்கப் பக்கங்கள் தப்பினது, வெளியாக்கள் ஓடியோடிப் பிரதியெடுத்ததாலதான்.

2003இல் வந்த வேர்ட்பிரஸ் திறந்த மூல மென்பொருள். எழுதினதை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கி, விரும்பின இடத்தில் ஏற்றலாம். எங்கட நூலகம் தளம் ஓடுறதும் விக்கிப்பீடியாவின் அதே திறந்த மூல மீடியாவிக்கியில்தான்.

"வேர்ட்பிரஸை ஹக் பண்ணிப்போடுவாங்கள்" எண்டு வெருட்டுற ஆக்களும் இருக்கினம். புதுப்பிக்காத பிளகின்களை அடுக்கி வைச்சால் பண்ணத்தான் செய்வாங்கள். பூட்டாமல் விட்டது ஆர்?

பாமினியில் தட்டின எழுத்தை யூனிகோட்டுக்கு மாற்ற எங்கட சனம் பட்ட பாடு போதும். இன்னொருக்கா எழுத்தைச் சிறைவைக்க வேண்டாம். டொமைனைக் குழுவின்ர பேரில பதியுங்கோ. தீம் தேட முதல் ஏற்றுமதி வசதியைத் தேடுங்கோ. அது இல்லாத இடத்தில ஒரு வரியும் எழுதாதேங்கோ.