இருண்ட திரைக்குப் பின்னால்

மடிக்கணினியின் பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிந்து, விசிறி சுழன்று, தயாரிப்பாளரின் சின்னம் ஒரு கணம் தோன்றி மறைந்த பிறகு, திரை இருண்டு, எந்த விசையைத் தட்டினாலும் பதிலே இல்லாமற் போகுமானால், “மதர்போர்டு போய்விட்டது” என்ற தீர்ப்பு உடனே நம்மவர் வாயில் வந்துவிடுகிறது. திரை ஒன்று மட்டும் கெட்டிருந்தால் திரை கெட்டது என்று சொல்லியிருப்பார்கள். திரையும் கீபோர்டும் ஒருங்கே கைவிடும்போதோ, உள்ளிருப்பது யாவும் அழிந்ததென்று அஞ்சிப் புதிய யந்திரத்துக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த அச்சம் பல சமயங்களில் ஆதாரமற்றது என்பதையும், அதைத் தெளிவித்துக்கொள்ளும் வழி சாமானியர் எவருக்கும் எட்டக்கூடியதே என்பதையும் இந்த வாரம் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

பொத்தானை அழுத்துவதற்கும் முகப்புத் திரை தோன்றுவதற்கும் இடையில் நடப்பது ஒரே காரியமன்று. அதிகாரம் கைமாறிக் கைமாறிச் செல்லும் ஒரு கிரமம். முதலில் விழிப்பது எம்பெடட் கன்ட்ரோலர் என்னும் சிறிய சில்லு; மின்சாரத்தைத் திறந்துவிடுவது, பேட்டரியையும் விசிறியையும் கண்காணிப்பது, உள் கீபோர்டின் விசைகளைப் படிப்பது ஆகிய பணிகளைப் பெரும்பாலான மடிக்கணினிகளில் அதுவே ஏற்றிருக்கிறது. 1984-இல் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஏடி கணினியில் கீபோர்டைக் கவனிப்பதற்கு இன்டெலின் 8042 என்ற சில்லை அமர்த்தினார்கள். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றிலும் இந்தக் கன்ட்ரோலர் அந்தப் பழைய சில்லின் முறையிலேயே விண்டோஸோடும் லினக்ஸோடும் உரையாடுகிறது. அதற்கடுத்து, பழக்கத்தினால் நாம் இன்றும் பயாஸ் என்றே அழைக்கும் நிரல், நினைவகத்தைச் சோதித்து, திரையை எளிய முறையில் ஏற்றிச் சின்னத்தைக் காட்டுகிறது. அதன் பின்னரே விண்டோஸோ லினக்ஸோ பொறுப்பேற்று, கிராஃபிக்ஸ் டிரைவரைக் கொண்டு திரையைப் புதிதாக அமைக்கிறது. ஆகவே, இருள் எந்தக் கைமாற்றத்தில் நேர்ந்தது என்று நிர்ணயிப்பதே முதற் காரியம்.

இதற்கு விசேஷமான கருவிகள் வேண்டியதில்லை. கேப்ஸ் லாக் விசையைத் தட்டும்போதெல்லாம் அதன் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தால், படம் வராவிட்டாலும் யந்திரம் விழித்திருக்கிறது என்று அறியலாம். அறையை இருட்டாக்கித் திரையின்மீது சாய்வாக டார்ச் ஒளியைப் பாய்ச்சும்போது எழுத்துக்கள் மங்கலாகப் புலப்பட்டால், படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, பின்னொளி மாத்திரமே இல்லை என்பது தெளிவாகும். எச்டிஎம்ஐ கேபிளால் ஒரு மானிட்டரையோ வீட்டுத் தொலைக்காட்சியையோ இணைத்து, யூஎஸ்பி கீபோர்டு ஒன்றையும் செருகியபின் எல்லாம் ஒழுங்காக நடக்குமானால், பிராசஸரும் நினைவகமும் சேமிப்பு வட்டும் வேலை செய்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுவதில்லை. மேலும், சின்னம் தோன்றும் தருணத்திலேயே எஃப்2, டெலீட், எஸ்கேப் ஆகியவற்றுள் அந்தந்த மாதிரிக்கு உரிய விசையைத் தட்டி பயாஸுக்குள் நுழைந்து பார்க்கவேண்டும்: அங்கே திரையும் விசைகளும் எவ்வளவு நேரம் ஆனாலும் இயங்கிக்கொண்டே இருந்து, விண்டோஸ் ஏறும்போது மட்டும் கைவிடுமாயின், சந்தேகத்தை உறுப்புகளிலிருந்து விலக்கி டிரைவரின்மேல் வைத்து, சேஃப் மோடில் புகுந்து அண்மையில் ஏறிய அப்டேட்டை நீக்கிப் பார்ப்பதே முறை.

திரையும் கீபோர்டும் ஏககாலத்தில் பழுதாகுமானால், இரண்டு தனித்தனி விபத்துகள் நேர்ந்தன என்று கொள்வதற்கு முன், இரண்டுக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டா என்று தேடுவதே விவேகம். அத்தகைய பொதுக் காரணங்களுள் பலர் நினைத்தும் பாராதது, மூடியைக் கவனிக்கும் சென்சார். 1879-இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டறிந்த காந்த விளைவை ஆதாரமாகக் கொண்ட அச்சிறு உறுப்பு, மூடியில் பதித்த காந்தம் அருகே வந்ததும் மடிக்கணினி மூடப்பட்டதாக அறிவிக்கிறது. உடனே திரை அணைகிறது. மூடிய நிலையில் விசைகள் தாமாக அழுந்திவிடக் கூடாதென்று பல மாதிரிகளில் கீபோர்டும் நிறுத்தப்படுகிறது. திறந்திருக்கும்போதே அந்தச் சென்சாருக்கு வேறொரு காந்தம் எட்டிவிட்டால், கெட்டுப்போகாத யந்திரம் கெட்டதைப் போலவே நடந்துகொள்ளும்.

என் தமையனார் மகளின் மடிக்கணினிக்கு நேர்ந்தது இதுவே. “சித்தப்பா, கல்லூரிக்குக் கொடுக்கவேண்டிய புராஜெக்ட் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது” என்று கலங்கி நின்றாள். மானிட்டரையும் வேறு கீபோர்டையும் பூட்டியதும் யாவும் செவ்வனே நடந்தன. முதற் காரியமாக அவளுடைய கோப்புகளைப் பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டோம். அதன் பின்னரே, உயரத்துக்காக அவள் அதைப் பழைய மடிக்கணினி ஒன்றின்மேல் வைத்திருந்ததைக் கவனித்தேன். கீழிருந்ததன் மூடியிலுள்ள காந்தம் மேலிருந்ததன் சென்சாருக்கு எட்டிக்கொண்டிருந்தது. எடுத்து வெறும் மேஜையில் வைத்துப் பொத்தானை அழுத்தியதும் திரை ஒளிர்ந்தது, விசைகளும் பேசின.

எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடிந்துவிடாது என்பதும் உண்மையே. கீலின் வழியே திரைக்குச் செல்லும் கேபிள், திறந்து மூடித் திறந்து மூடித் தேய்ந்திருக்கலாம். உள் கீபோர்டின் பட்டைக் கேபிள் நழுவியிருக்கலாம். கன்ட்ரோலரே மயங்கிக் கிடந்தால், சார்ஜரை நீக்கி, கழற்றக்கூடிய பேட்டரியாயின் அதையும் எடுத்துவிட்டு, பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வடியவிடுவது பலமுறை பயனளிக்கிறது. தண்ணீரோ காபியோ சிந்தியிருந்தால் மட்டும் சோதனையென்று ஒன்றும் செய்யாமல், மின்சாரத்தைத் துண்டித்துக் கைதேர்ந்தவரிடம் கொண்டுபோவதே உத்தமம்.

சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் சிறு கடைகளிலும் சூட்சுமமான பழுதுகளைக் கையாளும் சாமர்த்தியசாலிகள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் “ஓடவில்லை” என்று சொல்லிவிட்டு நிற்பவருக்கும், “சின்னம் வரையில் திரை வருகிறது, பயாஸில் விசைகள் இல்லை, வெளி மானிட்டரில் படம் தெளிவாக இருக்கிறது” என்று சொல்லத் தெரிந்தவருக்கும் காலத்திலும் பணத்திலும் எவ்வளவோ வித்தியாசம் உண்டு. தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியதன் பயனாக, இந்த யந்திரம் இதற்குமுன் கணினியையே கண்டிராத இல்லங்களிலும் புகுந்துவிட்டது. அத்தகைய இல்லத்தில் ஒரு மாணவியின் படிப்பு முழுவதும் ஒரு பெட்டிக்குள் அடங்கியிருக்கும்போது, அது செத்துவிட்டதென்று ஆராயாமல் சொல்லிவிடும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை. கணினியை இயக்கக் கற்பிக்கும் ஒவ்வொரு பள்ளியும், அது இயங்காதபோது எந்தக் கிரமத்தில் சோதிப்பது என்பதையும் அதே வகுப்பில் கற்பிக்கவேண்டும்.